மேல் வீட்டுத் தண்ணீர்

குளியலறையில் கசியும் தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. குளிப்பவர் கண்ணில் அது படாது. கீழ் வீட்டில் இருப்பவர் கண்ணில்தான் முதலில் படும். மேலே ஒருவர் சுகமாக நான்கு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு போய்விடுவார். அதில் ஒரு கரண்டித் தண்ணீர் டைல்ஸ் இடுக்கில் இறங்கி, ஜல்லியில் தங்கி, தளத்தில் ஊறி, பல நாள் கழித்துக் கீழ் வீட்டுக் கூரையில் பழுப்பு நிறத்தில் எட்டிப் பார்க்கும். குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம். அடுக்குமாடி வாழ்க்கையின் பாதிச் சண்டைகள் இந்தக் கணக்கில்தான் பிறக்கின்றன.

கொல்கத்தாவில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜூனில் தொடங்கும் புழுக்கம் பூஜைக்காலம்வரை விடாது. சுவரில் ஏறிய ஓதம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஊரில் பல வீடுகளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சிலவற்றுக்கு நூற்றைம்பது.

தேசப்பிரிய பார்க்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அப்படி ஒரு கட்டடம். 1960களில் எழுந்தது. இரண்டாம் மாடியில் ஒரு தமிழ்த் தம்பதி. கணவர் மத்திய அரசில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1983-ல் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தார். மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர் இன்னும் திரும்பவில்லை. லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும்வரை திரும்ப அவசியமும் இல்லை என்பது அவர் மனைவியின் கட்சி.

முதல் மாடியில் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை ஒருவர். கணவர் காலமாகிவிட்டார், மகன் பெங்களூரில். மேல் வீட்டுக்காரர்களுக்கு அவர் 'தீதி'. அவருக்கு இவர்கள் 'தாதா', 'பௌதி'. நாற்பது ஆண்டுப் பழக்கம். தை முதல் நாள் மேலிருந்து சர்க்கரைப் பொங்கல் கீழே போகும். வங்காளிகளுக்கும் அதே சமயத்தில்தான் பௌஷ் சங்கராந்தி. ஆகவே அதே பாத்திரத்தில் தேங்காயும் வெல்லமும் வைத்த பிட்டே மேலே வரும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது காவிரிக் கரைக்கும் கங்கைக் கரைக்கும் பொதுவான சட்டம்.

2019 மழைக்காலத்தில் தீதியின் படிப்பறைக் கூரையில் ஒரு கறை தோன்றியது. அதற்கு நேர் மேலே தமிழ் வீட்டுக் குளியலறை. பூகோள ஆசிரியை அல்லவா, அதற்கு 'சுந்தரவனம்' என்று பெயர் வைத்தார். முதலில் சிரித்துக்கொண்டுதான் காட்டினார். ஒரு கொத்தனார் வந்து மேலே டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளைச் சிமென்ட்டைத் தேய்த்துவிட்டுப் போனார். இன்னொருவர் கீழே கூரைக்குப் பெயின்ட் அடித்தார். அடுத்த மழையில் சுந்தரவனம் பெயின்ட்டையும் தாண்டி வளர்ந்தது. மறுபடியும் வெள்ளைச் சிமென்ட், மறுபடியும் பெயின்ட். 2023 ஆகஸ்டில் ஒரு மத்தியானம், உள்ளங்கை அளவுள்ள காரைத் துண்டு ஒன்று பெயர்ந்து அவர் மேஜைமேல் விழுந்தது. பத்து நிமிடம் முன்புதான் அவர் அங்கிருந்து எழுந்து போயிருந்தார்.

தீதி சண்டை போடவில்லை. மாடிப்படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தார். 2024 பொங்கலன்று கீழே போன பாத்திரம் சுத்தமாகக் கழுவப்பட்டு, துடைக்கப்பட்டு, வெறுமையாக மேலே வந்தது.

"இதுக்கு அவங்க நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்" என்றார் மனைவி. அன்று சாயங்காலமே கணவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரைத் தேடிப் போனார்.

பொறியாளர் வந்ததும் மேல் வீட்டுக்குப் போகவில்லை. கீழ் வீட்டில் ஏணி போட்டு ஏறி, ஒரு சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'ணங்' என்று கேட்டது. கறை இருந்த இடத்தில் பானையைத் தட்டினாற்போல் 'பொத்' என்றது. காரை பெயர்ந்த இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது.

பயப்பட வேண்டியது கறைக்கு அல்ல, அந்தச் செதிலுக்குத்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மைதான் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஈரத்தோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். பிறகு கம்பி துருப்பிடிக்கும். துருவான இரும்பு முன்னைப் போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடமில்லாததால் கீழே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். தீதியின் மேஜைமேல் விழுந்தது அப்படித் தள்ளப்பட்ட துண்டு. கீழேயிருந்து எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் மேலேயிருந்து வரும் தண்ணீருக்கு அது தெரியப்போவதில்லை.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் உடைக்கக் கூடாது என்றார் பொறியாளர். பல நாள் சோதனை நடந்தது. முதல் இரண்டு நாள் யாரும் குளிக்கவில்லை. குழாய்களில் மட்டும் தண்ணீர் நின்றது. கறை மாறவில்லை. சுவருக்குள் ஓடும் குழாய் குற்றவாளி இல்லை. அடுத்து, தண்ணீர் போகும் துளைக்குள் மட்டும் ஒரு வாளி கலர்த் தண்ணீரை ஊற்றினார்கள். ஆறு மணி நேரத்தில் கீழே ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி. துளைக்கு அடியில் பழைய வார்ப்பிரும்புக் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் மூட்டு விட்டுப்போயிருந்தது. கடைசியாக, துளையைத் துணியால் அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டினார்கள். மறுநாள் கறையின் வேறோர் ஓரம் கறுத்தது. தரையும் சுவரும் சேரும் மூலையிலும் வழி இருந்தது. ஆக, திருடர்கள் இரண்டு பேர். வெள்ளைச் சிமென்ட் தேய்க்கப்பட்ட இடத்தில் இருவருமே இல்லை.

பழைய கல்கத்தாக்காரர்கள் இந்தப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்து வைத்திருந்தார்கள். அவர்கள் குளியலை மாடிக்கே ஏற்றவில்லை. வடக்குக் கல்கத்தாவின் பெரிய வீடுகளில் கீழ்த்தளத்து முற்றத்தை ஒட்டி 'கொல்தலா' என்று குழாயடி. பக்கத்தில் தண்ணீர் நிரப்ப 'சௌபாச்சா' என்ற சிமென்ட் தொட்டி. குளித்த தண்ணீர் முற்றத்தில் ஓடிச் சாக்கடைக்குப் போகும். அதற்குக் கீழே பூமிதான், பூமி புகார் செய்வதில்லை. தமிழ்நாட்டுக் கிணற்றடியும் கொல்லைப்புறமும் இதே ஞானம்தான்.

மாடியில் அவர்கள் தடுக்க வேண்டியிருந்தது மழைத் தண்ணீரை மட்டும். அதற்கு 'ஜொல்சாத்'. செங்கல் ஜல்லி, செங்கல் பொடியான சுர்க்கி, சுண்ணாம்பு மூன்றையும் கலந்து மொட்டை மாடியில் பரப்புவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி, கையளவு மரக்கட்டைகளால் நாள் கணக்கில் அதை அடிப்பார்கள். அடி ஒரே தாளத்தில் விழ வேண்டும் என்பதற்காகப் பாட்டு. அப்படிப் பிறந்த கூரையடிப் பாட்டுகள் வங்காள நாட்டுப்பாடலில் தனி வகை. தளம் இறுக வெல்லத் தண்ணீர் தெளிப்பார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லிக் கலவையைக் கொட்டி அடித்து, மேலே தட்டோடு பதித்த 'மெட்ராஸ் டெரஸ்' இதற்குச் சகோதரி. அங்கும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் உண்டு. சுண்ணாம்பில் ஒரு வசதி. மெல்லிய விரிசல் விட்டால் அதில் இறங்கும் தண்ணீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். அது காற்றில் மறுபடி இறுகி விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும். சிமென்ட் வலுவானது, ஆனால் அவ்வளவு பெருந்தன்மை அதற்குக் கிடையாது. வெடித்தால் பெரும்பாலும் வெடித்ததுதான்.

அடுக்கு மாடி வந்தபோது குளியலறை மனிதர்களின் தலைக்குமேல் ஏறியது. குழாய்களை மறைப்பதற்காகக் குளியலறைத் தளத்தை மட்டும் ஓரடி பள்ளமாக விட்டு, அதில் குழாய்களைப் படுக்க வைத்து, மேலே உடைந்த செங்கல்லைக் கொட்டி நிரப்பினார்கள். கொல்கத்தாவில் அதிகம் வெந்து கறுத்த 'ஜாமா' செங்கல்லை உடைத்துப் போடுவது வழக்கம். மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மார்ச் மாதம் உடைத்தபோது தெரிந்தது. மேலே டைல்ஸ், அதற்கடியில் பழைய மொசைக் தரை, அதற்கடியில் ஜாமா. அந்த ஜல்லியைக் கையில் எடுத்தபோது தண்ணீர் சொட்டியது. அடியில் நான்கு விரல் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. தீதியின் தலைக்குமேல் ஐந்து வருடமாக ஒரு குட்டிக் குளம் இருந்திருக்கிறது.

"இதுல மீன் வளர்த்திருக்கலாம் தாதா" என்றார் ராஜ்மிஸ்திரி. முர்ஷிதாபாத்காரர். கொல்கத்தாவின் கொத்தனார்களில் பெரும்பகுதி அந்த மாவட்டத்திலிருந்தும் மால்தாவிலிருந்தும் வருகிறவர்கள். வங்காளத்தின் ராஜ்மிஸ்திரியும் தமிழின் மேஸ்திரியும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் பேரப்பிள்ளைகள். மொழி தெரியாத மாமிக்கும் அவருக்கும் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இனி வேறொரு பிரச்சினை. வீட்டில் இருந்தது ஒரே குளியலறை. வேலை பதினைந்து நாள் பிடிக்கும்.

கொல்கத்தாவின் வடக்கே டாலாவில் ஒரு ராட்சசத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. 1909-ல் தொடங்கி 1911-ல் பயன்பாட்டுக்கு வந்தது. தரையிலிருந்து நூறடிக்கு மேல் உயரத்தில் நிற்கும் இரும்புத் தொட்டி, கொள்ளளவு 90 லட்சம் காலன். அதைக் கட்டியவர்கள் உள்ளே நான்கு அறைகளாகப் பிரித்து வைத்தார்கள். ஒன்றைப் பழுது பார்க்கும்போது மற்றவை ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும். நூறு வருடம் கழித்துப் பழுது பார்த்தபோதும் அந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது. நடுத்தர வர்க்கக் குடும்பம் அப்படி நாலு குளியலறை கட்டி வைக்க முடியாது. கணவர் லாட்ஜில் அறை எடுக்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

தீதி மேலே வந்தார். ஜல்லிக் குவியலையும் குளத்தையும் பார்த்தார். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் வீட்டுச் சாவி ஒன்றை மாமி கையில் வைத்தார். "காலையில நான் அஞ்சரைக்கே குளிச்சிடுவேன். அதுக்கப்புறம் உங்க குளியலறை அது" என்றார். மேல் வீட்டுத் தண்ணீரால் கூரை இடிந்தவர், மேல் வீட்டுக்காரர்களைக் குளிக்கக் கூப்பிட்டார். நான்கு வருட மௌனம் அந்தச் சாவியில் உடைந்தது.

வேலையின் முறை சுலபமானது. அவசரப்படாமல் செய்வதுதான் கஷ்டம். தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காயவிட்டார்கள். புதுக் குழாயை நிறுத்தி, அதைச் சுற்றியுள்ள ஓட்டையைச் சுருங்காத கலவையால் அடைத்தார்கள். சாதாரணச் சாந்து காயும்போது சுருங்கும். குழாய்க்கும் சாந்துக்கும் நடுவே முடியளவு இடைவெளி விடும். தண்ணீருக்கு அந்த முடியளவு போதும். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் சாந்தைச் சரிவாகப் பூசி, கூர்மூலையே இல்லாமல் செய்தார்கள். கட்டடம் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கும்போது முதலில் வெடிப்பது கூர்மூலைதான்.

அதன்மேல்தான் தண்ணீரைத் தடுக்கும் பூச்சு. பாலிமர் திரவமும் சிமென்ட்டும் கலந்து, மூலைகளில் கண்ணாடியிழை வலை பதித்து, பிரஷ்ஷால் ஒரு கை. அது காய்ந்த பிறகு குறுக்கு வாட்டில் இரண்டாவது கை. முதல் கையில் பிரஷ் விட்ட இடத்தை இரண்டாவது கை பிடித்துவிடும். தரையோடு நிற்காமல் சுவரில் ஓரடி உயரத்துக்கு, குளிக்கும் இடத்தில் ஆறடிக்கு. தொட்டிபோல் ஆக வேண்டும், தட்டுபோல் அல்ல.

டைல்ஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மாமி கேட்டார். பலருக்கும் உள்ள சந்தேகம்தான். டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாமல் இருக்கலாம், ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கும் கோடு உறிஞ்சும். அதற்கடியில் உள்ள சிமென்ட்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. டைல்ஸ் சட்டை. பூச்சுதான் தோல்.

இந்தத் தத்துவம் புதியதும் அல்ல. 1922-ல் மொகஞ்சதாரோவில் அகழ்வைத் தொடங்கிய ராகல்தாஸ் பானர்ஜி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்த வங்காளி. சில ஆண்டுகளில் ஜான் மார்ஷல் தலைமையில் அங்கே வெளிப்பட்ட பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். உள்ளே செங்கல்லை நெருக்கமாக நிறுத்தி, ஜிப்சம் சாந்தால் இணைத்திருந்தார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால், வெளியே தெரியாமல், ஓரங்குலக் கனத்துக்கு நிலக்கீல் பூச்சு. சுமார் நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கிறது, தண்ணீரைத் தடுப்பது கண்ணுக்குத் தெரியும் செங்கல் அல்ல, அதன் பின்னால் மறைந்திருக்கும் பூச்சு என்று.

பூச்சு முடிந்து காய்ந்ததும் பரீட்சை. துளையை இறுக அடைத்து, தரை முழுக்க இரண்டங்குலத்துக்குத் தண்ணீர் கட்டினார்கள். சுவரில் நீர்மட்டத்தில் ஒரு கோடு. பக்கத்திலேயே ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்து அதிலும் கோடு. காற்றில் ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவுதான் குறையும். தரைத் தண்ணீர் அதைவிட அதிகம் குறைந்தால் அது எங்கோ போகிறது என்று அர்த்தம். 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கீழே தீதி தன் பங்கைச் செய்தார். பழைய ஈரம் கான்கிரீட்டிலிருந்து காய மாதக்கணக்கில் ஆகும். ஆகவே கறை இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை, வளர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். தீதி ஏணியில் பையனை ஏற்றி, சுந்தரவனத்தின் கரையோரம் முழுவதும் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுத வைத்தார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு வரைபடம் போடச் சொல்லிக் கொடுத்தவர்.

மறுநாள் காலை பத்து மணி. பென்சில் கோட்டுக்கு வெளியே, குழாய் இறங்கும் இடத்தில், எட்டணாக் காசு அளவில் ஒரு கறுப்பு.

ராஜ்மிஸ்திரி பார்த்தார். "பழைய ஈரம்தான், தானாக் காஞ்சிடும்" என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ரம்ஜான் மாதம். விடியுமுன் சாப்பிட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், நாள் முழுக்கத் தண்ணீரோடு போராடிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 11-ம் தேதி ஈத். அதற்குள் டைல்ஸ் போட்டு, பாக்கிக் கூலியை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் புதுத் துணியோடு ஊருக்குப் போக வேண்டும். மறுபடி உடைத்தால் குறைந்தது நான்கு நாள் போய்விடும். டைல்ஸ் பெட்டிகள் வேறு ஹாலில் அடுக்கப்பட்டு, வீட்டில் நடக்க இடமில்லை.

கணவர் கணக்கு அதிகாரி. கூட்டல் ஒத்துப்போகாத கணக்கில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. மேலே போய்க் கோடுகளைப் பார்த்தார். வாளியில் தண்ணீர் ஒரு நூல் குறைந்திருந்தது. தரையில் மூன்று நூல். "பழைய ஈரமா இருந்தா இந்த ரெண்டு நூல் எங்க போச்சு?" என்றார். ராஜ்மிஸ்திரி பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் இறைக்கத் தொடங்கினார்.

குழாயைச் சுற்றி உடைத்துப் பார்த்தபோது, கலவை ஒரு பக்கத்தில் சரியாக இறங்காமல் சுண்டுவிரல் அளவு வெற்றிடம் இருந்தது. பொறியாளர் எதிரிலேயே மறுபடி அடைத்து, வலை பதித்து, இரண்டு கை பூசிக் காயவிட்டார்கள். அந்த நான்கு நாள் கூலியைக் கணவர் குறைக்கவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தீதி வேகவைத்த கடலையும் பழமும் அனுப்பினார். மாமி எலுமிச்சை ரசாயனம் என்று அவர் பெயரிட்ட சர்பத்தைக் கரைத்துக் கொடுத்தார்.

இரண்டாவது பரீட்சையில் 48 மணி நேரம் கழித்து வாளியும் தரையும் ஒரே அளவு குறைந்திருந்தன. பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி இல்லை. பிறகுதான் மேல் தளம், துளையை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டம், டைல்ஸ், எல்லாம். பள்ளத்தின் அடிமட்டத்தில் வெளிச்சுவர் வழியே ஒரு சின்னக் குழாயும் வைத்தார்கள். என்றாவது உள்ளே தண்ணீர் தேங்கினால் அது தெருப்பக்கம் சொட்டும். தீதியின் தலையில் அல்ல. மேல் வீட்டுக்காரருக்கே முதலில் தெரியும். கீழே துருப்பிடித்த கம்பிகளைச் சுத்தம் செய்து, துருத் தடுப்புப் பூசி, பாலிமர் சாந்தால் கூரையை மூடினார்கள். அந்தச் செலவு யாருடையது என்ற பேச்சே எழவில்லை. மேல் வீட்டார் கொடுத்துவிட்டார்கள். ராஜ்மிஸ்திரி ஈத்துக்கு முதல் நாள் சியால்தாவில் ரயில் ஏறினார். டைல்ஸுக்கு ஆன செலவில் கால்பங்குகூடத் தண்ணீர்த் தடுப்புக்கு ஆகவில்லை என்று கணவர் நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. வடக்கு, மத்திய கொல்கத்தாவில் நடந்தால் சில வீடுகளின் முகப்பில் மாநகராட்சி மாட்டிய பலகையைப் பார்க்கலாம். 'அபாயகரமான வீடு' என்று வங்காளத்தில் எழுதியிருக்கும். உள்ளே விளக்கு எரியும், துணி காயும், குழந்தை அழும். பல தலைமுறையாக அற்ப வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் பழுது பார்க்க மாட்டார். அது தன் வீடு இல்லை. அற்ப வாடகை வாங்கும் சொந்தக்காரரும் பழுது பார்க்க மாட்டார். அது தனக்குக் கட்டுப்படி இல்லை. பங்காளிகள் பத்துப் பேர் இருந்தால் நீதிமன்றத்தில் வழக்கு ஓடிக்கொண்டிருக்கும். இடையில் தண்ணீர் யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்யும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்காவது ஒரு பால்கனியோ கூரையோ விழுந்த செய்தி வரும். கட்டடத்தைக் கொல்வது தண்ணீர் மட்டுமல்ல, 'அது என் வேலை இல்லை' என்ற வாக்கியமும்தான்.

2025 பொங்கலுக்குக் கீழே போன பாத்திரம் பாட்டிசாப்டா நிறைந்து வந்தது. அதற்குள் சுந்தரவனம் பென்சில் கோட்டுக்குள் சுருங்கி, காய்ந்து, வெளுத்துவிட்டிருந்தது. தீதி கூரைக்குப் பெயின்ட் அடித்தார், ஆனால் அந்த மூலையை மட்டும் விட்டுவைத்தார். இன்னும் ஒரு மழை பார்த்துவிடலாம் என்றார்.

அந்த மழை 2025 செப்டம்பர் 22 இரவு வந்தது. விடிவதற்குள் நகரத்தில் 250 மில்லிமீட்டர் கொட்டிவிட்டது. காளிகாட், பாலிகஞ்ச், ஜோத்பூர் பார்க் எல்லாம் தண்ணீரில் நின்றன. பூஜைப் பந்தல்கள் நனைந்தன. தெருத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் முழங்கால் அளவு. மின்சாரம் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு மேல் வீட்டில் தொலைபேசி அடித்தது. இருவரும் பதறி எழுந்தார்கள்.

தீதி டார்ச்சோடு ஏணியில் ஆளை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார். பாடம் நடத்தும் குரலில் அறிக்கை வந்தது:

"தாதா, வாசல்ல வங்காள விரிகுடா. கூரையில தார் பாலைவனம்."